குவாங்சோவின் வீதிகளில்: சீனப் பெருநகரொன்றின் அன்றாட வாழ்வு

சீனா என்றதும் இன்று இலங்கையர் மனதில் எழுபவை அம்பாந்தோட்டைத் துறைமுகமும் கொழும்புத் துறைமுக நகரமும் கடன் பற்றிய முடிவற்ற விவாதங்களுமே. அதற்கடுத்து, புறக்கோட்டையின் மொத்த விற்பனைக் கடைகளில் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொருட்கள் நினைவுக்கு வரலாம். ஆனால், அந்நாட்டின் சாதாரண மக்கள் காலையில் எதை உண்கின்றனர், எவ்வாறு வேலைக்குச் செல்கின்றனர், தமது முதியோரை எங்கே வைத்துப் பார்க்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பன பற்றி நாம் அறிந்தவை மிகச் சொற்பம். ஒரு நாட்டை வியப்பினாலோ அச்சத்தினாலோ மட்டும் அளந்தால் அதனுடனான கொடுக்கல் வாங்கல்களிலும் தவறான முடிவுகளுக்கே வர நேரிடும். பேசப்படுவது ஒரு பெருவல்லரசு என்பதால் இந்த அறியாமை சிறு விடயமன்று.

தென்சீனாவின் குவாங்சோ நகரில் சில மாதங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முன்னர் கன்டன் என்ற பெயரால் உலகறிந்த இந்நகர் குவாங்டொங் மாகாணத்தின் தலைநகராகும். முத்து நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கின்றது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் தொகை ஒரு கோடியே 86 இலட்சத்துக்கும் அதிகமாகும். ஒரே நகரில் இலங்கையின் மொத்தச் சனத்தொகையை நெருங்கும் எண்ணிக்கையிலான மக்கள் வாழ்கின்றனர் என்றால் அதன் பரிமாணத்தை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். அரசியல் அதிகாரம் பீஜிங்கிலும் நிதி ஷங்ஹாயிலும் இருக்க, குவாங்சோ வணிகர்களின் நகராகவே நூற்றாண்டுகளாக இருந்து வந்துள்ளது. 1757ஆம் ஆண்டிலிருந்து 1842ஆம் ஆண்டின் நாங்கிங் உடன்படிக்கை வரை, மேற்கு நாட்டுக் கப்பல்கள் வாணிபம் செய்வதற்குச் சீனப் பேரரசு திறந்து வைத்திருந்த ஒரே துறைமுகம் இதுவே. 1957ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் இரு தடவைகள் நடைபெற்றுவரும் கன்டன் வர்த்தகக் கண்காட்சிக்குச் செல்வோரில் நமது நாட்டு வணிகர்களும் அடங்குவர்.

புதிதல்லாத உறவு

நம்மவர் குவாங்சோவுக்குச் செல்வது திறந்த பொருளாதாரம் தந்த புதுமை என்று எண்ணுவோருண்டு. வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. 750ஆம் ஆண்டளவில் இந்நகரைக் கண்ட ஜியான்சென் என்னும் சீனத் துறவியின் பயணம் பற்றிய குறிப்பு, பிராமணரும் பாரசீகரும் தென்கடல் தீவினரும் செலுத்திவந்த கப்பல்கள் நதியில் எண்ணிலடங்காது நின்றதாகச் சொல்கின்றது. அவற்றில் வாசனைத் திரவியங்களும் மருந்துப் பொருட்களும் மலைபோற் குவிந்திருந்தனவாம். அந்நகரில் பிராமணர்களின் கோயில்கள் மூன்று இருந்தன என்றும், வந்துபோயும் தங்கியும் வாழ்ந்தோரில் சிங்க நாட்டினரும் அராபியரும் இருந்தனர் என்றும் அதே குறிப்பு தெரிவிக்கின்றது. சிங்க நாடு என்பது சீனர் இலங்கைக்கு இட்ட பழைய பெயராகும்.

தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடலேறிய வஜ்ரபோதி என்ற பௌத்த துறவி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்திறங்கியதும் இத்துறைமுகத்திலேயே. அவரது சீடர் அமோகவஜ்ரர் 741ஆம் ஆண்டு இங்கிருந்தே இலங்கைக்குக் கப்பலேறினார். தென்னிந்தியர் எனக் கருதப்படும் போதிதருமர் கரையேறிய இடம் இது என்று நம்பப்படும் ஹுவாலின் கோயில், பச்சை மாணிக்கக் கல் விற்கும் கடைத்தெருவொன்றின் நடுவே இன்றும் இருக்கின்றது.

அயல்நாட்டில் வாழ்வோனின் மனநிலைக்கு மிகப் பழைய சான்றொன்றும் இந்த உறவிலிருந்தே கிடைக்கின்றது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் இரண்டாண்டுகள் தங்கியிருந்த சீன யாத்திரிகர் பாகியான், அங்குள்ள பெரிய பச்சைக்கல் புத்தர் சிலையருகே வணிகரொருவர் காணிக்கையாக வைத்திருந்த வெண்பட்டு விசிறியைக் கண்டு தம்மையறியாமற் கண்ணீர் சிந்தினார். அது அவரது தாய்நாட்டு விசிறி. அவர் பின்னர் குவாங்சோவை நோக்கிச் சென்ற கப்பலொன்றில் நாடு திரும்பியபோது, புயலினால் திசைமாறி வடக்கே ஷாண்டொங் கரையை அடைய நேர்ந்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமது மண்ணில் ஒரு சீனருக்கு ஏற்பட்ட ஏக்கத்தை, இன்று அவரது மண்ணில் வாழும் நம்மவர் ஒரு பிடி சோற்றையும் பருப்பையும் தேடும்போது உணர்கின்றனர்.

தேநீருடன் விடியும் காலை

குவாங்சோ மக்களின் குணத்தை அறிய விரும்புவோர் விடியற்காலையில் ஒரு தேநீர்க் கடைக்குச் செல்ல வேண்டும். 'யாம் சா' என்று கன்டனீஸ் மொழியில் அழைக்கப்படும் இவ்வழக்கத்துக்குத் தேநீர் அருந்துதல் என்பதே பொருள். ஆனால் நடைபெறுவது தேநீர் அருந்துதல் மட்டுமன்று. ஒரு கோப்பைத் தேநீரும் இரு தட்டுச் சிற்றுண்டியும் என்பது பழைய மரபு. மூங்கில் கூடைகளில் ஆவியில் அவித்த இறால் கொழுக்கட்டை, அரிசிமாவை மெல்லிய தாள்போல் அவித்துச் சுருட்டிய பண்டம், கோழிக்கால் என ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். பேரப்பிள்ளைகளுடன் வந்த பாட்டி, பத்திரிகையை விரித்தபடி தனியே இருக்கும் முதியவர், வியாபாரம் பேசும் இருவர் எனப் பலரும் இரண்டு மூன்று மணிநேரம் அங்கேயே அமர்ந்திருப்பர். எவரும் எழும்பச் சொல்வதில்லை.

அங்கு நிலவும் சிறு ஒழுங்குகள் அயலவருக்கு முதலில் விளங்குவதில்லை. கிண்ணங்களையும் குச்சிகளையும் முதலூற்றுத் தேநீரினால் கழுவிய பின்னரே உண்ணத் தொடங்குவர். ஒருவர் நமது கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால், பேச்சை நிறுத்தாமலே இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி தெரிவிக்கும் முறையாகும். மாறுவேடத்தில் சென்ற பேரரசர் ஒருவர் தம் பணியாளருக்குத் தேநீர் ஊற்றியபோது, மண்டியிட்டு வணங்க இயலாத பணியாளர் விரல்களை மடித்து மேசையில் வணங்கினார் என்றொரு கதை இதற்குக் கூறப்படுகின்றது. கேத்தலின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் சுடுநீர் தேவை என்பது பணியாளருக்கு விளங்கிவிடும். பாலும் சீனியும் கலந்த தேநீரையே தேநீர் என்று கருதிப் பழகிய நமக்கு, எதுவும் கலவாத அந்தக் கசப்பு பழகுவதற்குச் சில வாரங்கள் எடுத்தன.

பச்சைத் தண்ணீர் குடிப்பதை இங்கு எவரும் விரும்புவதில்லை. கொளுத்தும் கோடையிலும் சுடுநீரையே அருந்துகின்றனர். தடிமன், தொண்டை நோவு, உடற்சூடு என்று எது வந்தாலும் தெருவுக்குத் தெருவுள்ள மூலிகைக் குடிநீர்க் கடைகளை நாடுகின்றனர். கரிய நிறமும் கடுங்கசப்பும் கொண்ட அக்குடிநீரை ஒரே மூச்சில் விழுங்கும் இளைஞர்களைக் கண்டபோது, நமது வீடுகளில் கொத்தமல்லி அவித்துத் தரும் பாட்டிமாரின் நினைவு வந்தது. உடலைச் சூடு, குளிர்ச்சி என வகுத்து உணவையும் அவ்வாறே பார்க்கும் அவர்களின் நோக்கு, சித்த வைத்தியமும் யூனானியும் அறிந்த நமக்கு அந்நியமானதன்று.

உணவைப் பொறுத்தவரை நமது வாசகர்களில் பலருக்கும் எழக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. பன்றி இறைச்சி இல்லாத உணவு கிடைக்குமா என்பதே அது. பச்சை நிறப் பெயர்ப்பலகையுடன் கூடிய மாட்டிறைச்சி நூடில்ஸ் கடைகள் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் உள்ளன. வடமேற்கே தொலைவிலுள்ள சிங்ஹாய் மாகாணத்திலிருந்து வந்த ஹுய், சாலார் இன முஸ்லிம் குடும்பங்களே இவற்றிற் பெரும்பாலானவற்றை நடத்துகின்றன. மாவை இழுத்து நூலாக்கும் இளைஞனின் கைவேகத்தைப் பார்த்து நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. மரக்கறி உண்போருக்குப் பௌத்த கோயில்களை அண்டிய உணவகங்கள் உதவுகின்றன.

கைத்தொலைபேசிக்குள் அடங்கிய நகரம்

இந்நகரில் பணப்பையைத் திறப்போர் அரிது. தெருவோரத்தில் கீரைக்கட்டு விற்கும் மூதாட்டியின் கூடையிலும், கோயில் உண்டியலின் மேலும், வாடகை வாகனத்தின் ஆசனத்தின் பின்னாலும் ஒரு சதுரக் குறியீட்டு அட்டை தொங்குகின்றது. கைத்தொலைபேசியை அதன்மேற் பிடித்தால் கொடுப்பனவு முடிந்துவிடும். இதற்குப் பயன்படும் இரு செயலிகளில் ஒன்றான வீசெட், 2011ஆம் ஆண்டு இதே குவாங்சோவிலிருந்து இயங்கிய குழுவொன்றினால் உருவாக்கப்பட்டது. செய்தி அனுப்புவதற்கென வந்த அந்தச் செயலியில் இன்று மின்கட்டணம் செலுத்தலாம், வைத்தியரைச் சந்திக்க நேரம் பெறலாம், புகையிரத ஆசனத்தைப் பதிவு செய்யலாம்.

வெளிநாட்டவருக்கு இதுவே நீண்டகாலம் பெருந்தடையாகவும் இருந்தது. உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாதவர் கையில் பணமிருந்தும் பட்டினி கிடக்க நேரிடும் என்ற வேடிக்கைப் பேச்சு வழங்கியதுண்டு. 2023ஆம் ஆண்டில் வெளிநாட்டு வங்கி அட்டைகளை இச்செயலிகளுடன் இணைக்க வழிசெய்யப்பட்டது. மறு ஆண்டு அவற்றின் கொடுப்பனவு எல்லையும் உயர்த்தப்பட்டது. நாணயத்தாள்களை ஏற்க மறுப்பது சட்டவிரோதமானது எனச் சீன மத்திய வங்கி 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது. ஆயினும் நாம் நூறு யுவான் தாளொன்றை நீட்டியபோது, மீதி கொடுக்கச் சில்லறையில்லாமல் காய்கறிக்காரப் பெண்மணி அயற்கடைகளுக்கெல்லாம் ஓடித்திரிந்ததைக் கண்டோம். சட்டம் அனுமதிப்பதை வழக்கம் கைவிட்டுவிட்டது.

வசதியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கு வந்திறங்கும் வெளிநாட்டவர் 24 மணித்தியாலத்துக்குள் தமது இருப்பிடத்தைப் பொலிஸில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் தங்குவோருக்கு அதனை ஹோட்டலே செய்துவிடும். வீடு எடுத்துத் தங்குவோர் தாமே செய்ய வேண்டும். 600 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான மெட்ரோ நிலக்கீழ் புகையிரதத்தில் ஏறும் ஒவ்வொருவரின் பையும் சோதனை இயந்திரத்தினூடே செல்கின்றது. சந்திக்குச் சந்தி கண்காணிப்புக் கமராக்கள் உள்ளன. நமது நாட்டில் வட்ஸ்அப் இன்றி ஒரு நாளும் கழியாது. இங்கோ அதுவும் கூகுளும் பேஸ்புக்கும் யூடியூப்பும் தடுக்கப்பட்டுள்ளன.

நள்ளிரவிலும் பெண்கள் தனியே அச்சமின்றி நடந்து செல்வதைக் காணும்போது, இக்கண்காணிப்புக்குப் பயன் இருக்கின்றதே என்று தோன்றுவது இயல்பு. பல சீனர்களும் அவ்வாறே கூறுகின்றனர். எனினும் 2022ஆம் ஆண்டு ஹெனான் மாகாணத்தில் நிகழ்ந்ததை மறக்கலாகாது. வைப்புப் பணத்தை இழந்து வங்கிகளிடம் முறையிடச் சென்ற மக்களின் கைத்தொலைபேசியில், கொவிட் தொற்றாளரை அடையாளப்படுத்தும் சிவப்புக் குறியீடு திடீரெனத் தோன்றியது. அவர்களால் வெளியே நடமாட முடியாமற் போயிற்று. நோய்த்தடுப்புக்கென உருவான கருவியை முறைப்பாட்டாளரை முடக்கப் பயன்படுத்தியமைக்காக அதிகாரிகள் ஐவர் பின்னர் தண்டிக்கப்பட்டனர். தண்டனை வழங்கப்பட்டது நல்லதே. ஆனால் ஒரு சில அதிகாரிகளின் விரலசைவில் மனிதரின் நடமாட்டம் நின்றுவிடக்கூடும் என்பதை அச்சம்பவம் காட்டியது. இலத்திரனியல் அடையாள அட்டை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நமது நாட்டினர் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய விடயம் இது.

முதியோர் ஆடும் முற்றங்கள்

மாலை ஏழு மணியானதும் பூங்காக்களும் கடைத்தொகுதிகளின் முற்றங்களும் முதியோரின் ஆட்சிக்குள் வந்துவிடுகின்றன. ஒலிபெருக்கியிற் பாட்டொலிக்க, ஐம்பதையும் அறுபதையும் கடந்த பெண்கள் வரிசையாக நின்று ஒரே சீராக ஆடுகின்றனர். ஓர் ஓரத்தில் ஆண்கள் சீனச் சதுரங்கம் ஆடுகின்றனர். ஆடுவோர் இருவரென்றால் ஆலோசனை கூறுவோர் பத்துப்பேர். இன்னொரு புறத்தில், நீரில் தோய்த்த பெரிய தூரிகையினால் நிலத்தில் எழுத்தோவியம் தீட்டும் முதியவர், தாம் எழுதியது வெயிலிற் காய்ந்து மறைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த வரியை எழுதுகின்றார்.

இவர்கள் இவ்வளவு எண்ணிக்கையில் வெளியே தென்படுவதற்குக் காரணங்கள் உண்டு. பல தசாப்தங்களாக நகர்ப்புறப் பெண் தொழிலாளருக்கு ஓய்வு வயது ஐம்பதாகவும், அலுவலகப் பெண்களுக்கு ஐம்பத்தைந்தாகவும், ஆண்களுக்கு அறுபதாகவும் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து இவ்வயதெல்லைகள் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக முறையே 55, 58, 63 என உயர்த்தப்படுகின்றன. இதற்கான காரணம் வீடுகளுக்குள் இருக்கின்றது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடைமுறையிலிருந்த ஒரு பிள்ளைக் கொள்கை 2016ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு மூன்று பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஆயினும் பிறப்புகள் கூடவில்லை. 2022ஆம் ஆண்டில், 1961இற்குப் பின் முதற்தடவையாகச் சீனாவின் சனத்தொகை குறைந்தது. ஒரே பிள்ளையாக வளர்ந்தவர் இன்று தம் பெற்றோர் இருவரையும் துணையின் பெற்றோர் இருவரையும் கவனிக்க வேண்டியவராகின்றார். பகலில் பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்று, சமைத்து, மாலையில் ஆட வரும் பாட்டியே அக்குடும்பத்தின் அச்சாணி. அவரும் தளர்ந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கேள்வி அங்கு பலரது பேச்சிலும் வந்து போகின்றது. பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க யாழ்ப்பாணத்தில் தனித்திருக்கும் பெற்றோரை அறிந்த நமக்கு அக்கேள்வி புதிதன்று.

கைகுலுக்கும் கட்டடங்கள்

2010ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் வருடத்தில் திறக்கப்பட்ட 600 மீற்றர் உயரக் கன்டன் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், கண்ணாடி மாளிகைகளுக்கிடையே நெருக்கமாகக் குந்தியிருக்கும் கட்டடத் திட்டுகள் சில தென்படும். இவை நகருக்குள் அகப்பட்டுக்கொண்ட கிராமங்கள். வயல்களை நகரம் விழுங்கிவிட, வீட்டு நிலம் மட்டும் கிராமத்தவர் கையில் எஞ்சியது. அந்நிலத்தில் அவர்கள் ஐந்து, ஆறு, ஏழு மாடிகளென எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டனர். எதிரெதிர்க் கட்டடங்களின் சாளரங்களிலிருந்து கை நீட்டினால் கைகுலுக்கலாம் என்பதால் இவற்றுக்குக் கைகுலுக்கும் கட்டடங்கள் என்றே பெயர். நண்பகலிலும் சந்துகளில் மின்விளக்கு எரிகின்றது. தலைக்கு மேலே மின்கம்பிகள் சிக்கிக் கிடக்கின்றன. குவாங்சோவின் உணவை விநியோகிப்பவரும், கட்டடங்களைக் கட்டுபவரும், ஆடைகளைத் தைப்பவரும் இங்குதான் உறங்குகின்றனர்.

ஹைசு மாவட்டத்திலுள்ள காங்லே கிராமம் பெருந்துணிச் சந்தையொன்றை அண்டியது. ஹுபெய் மாகாணத்திலிருந்து வந்தோர் நிறைந்தது. காலையில் அதன் தெருவில் சிறு தையற்கூட உரிமையாளர்கள், தைக்க வேண்டிய ஆடையின் மாதிரியைக் கையில் ஏந்தியபடி வரிசையாக நிற்கின்றனர். தொழிலாளர் அந்த ஆடையைப் பிரட்டிப் பார்த்து, தையலின் கடினத்தைக் கணித்து, ஒரு துண்டுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகின்றனர். உடன்பாடு ஏற்பட்டால் அன்றைய வேலை உறுதி. இல்லையெனில் அடுத்தவரிடம் செல்வர். உலகெங்கும் இணையத்தில் மலிவாக விற்கப்படும் ஆடைகளின் விலை இத்தகைய தெருக்களிலேயே தீர்மானமாகின்றது. கட்டுநாயக்காவின் தையல் இயந்திரங்களோடு போட்டியிடுவதும் இதே விலைதான்.

இவர்கள் இந்நகரில் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் முழு உரிமையுள்ள நகரத்தவராக முடிவதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டமொன்றின் வழியே நிலைபெற்ற 'ஹுகோ' என்னும் குடும்பப் பதிவு முறை, ஒவ்வொருவரையும் பிறந்த ஊருடன் பிணைக்கின்றது. பாடசாலை அனுமதி, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம் ஆகியவற்றின் அளவு இப்பதிவைப் பொறுத்தே அமைகின்றது. விதிகள் காலப்போக்கில் தளர்த்தப்பட்டுள்ள போதிலும், குவாங்சோ போன்ற பெருநகரில் பதிவு பெறுவது கல்வியும் வருமானமும் உள்ளோருக்கே எளிது. இந்நகரில் வாழ்வோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் உள்ளூர்ப் பதிவு அற்றவர்கள். நாடு முழுவதிலும் கிராமங்களிலிருந்து வேலைக்குச் சென்றோர் தொகை 30 கோடியை எட்டுகின்றது. அவர்களிற் பலர் பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ பிரிந்து கிராமங்களில் வளரும் பிள்ளைகள் 6 கோடி 10 இலட்சம் பேர் என, 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு அகில சீன மகளிர் சம்மேளனம் மதிப்பிட்டது. மத்திய கிழக்குக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகளை மலையகத்திலும் கிழக்கிலும் கண்டுள்ள நாம், இந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள முகங்களைக் கற்பனை செய்வது கடினமன்று.

2022 நவம்பரில் கொவிட் முடக்கத்தினால் இக்கிராமம் வேலிகளால் அடைக்கப்பட்டது. நாட்கூலியில் வாழ்வோருக்கு வேலையுமில்லை, ஊர் திரும்ப வழியுமில்லை என்ற நிலை. நவம்பர் 14ஆம் திகதி இரவு மக்கள் தடைகளைத் தகர்த்துக்கொண்டு வீதிக்கு வந்தனர். அம்மாத இறுதியில் குவாங்சோவில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. டிசம்பரில் நாடு முழுவதும் அக்கொள்கையே கைவிடப்பட்டது. சீனர்கள் எதையும் பொறுத்துக்கொள்பவர்கள் என்ற பரவலான எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அந்த இரவு சாட்சி.

ஒரு செய்தி மாற்றிய சட்டம்

பத்திரிகைத் துறையைச் சேர்ந்த நம்மால் குவாங்சோவைப் பற்றி எழுதும்போது சுன் சிகாங் என்ற இளைஞரைக் குறிப்பிடாமலிருக்க இயலாது. ஹுபெய்யைச் சேர்ந்த 27 வயதுடைய இப்பட்டதாரி, ஆடை நிறுவனமொன்றில் வடிவமைப்பாளராக வேலை செய்ய இங்கு வந்தவர். 2003 மார்ச் 17ஆம் திகதி இரவு வீதியிற் சென்றுகொண்டிருந்தவரைப் பொலிஸார் மறித்தனர். அவரிடம் தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரம் இருக்கவில்லை. வெளியூரார் என்ற வகையில் தடுத்து வைக்கப்பட்ட அவர் மூன்று நாட்களின் பின் உயிரிழந்தார். கடுமையாகத் தாக்கப்பட்டமையே மரணத்துக்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது.

உள்ளூர்ப் பத்திரிகையான 'தென்மாநகர் நாளிதழ்' ஏப்ரல் 25ஆம் திகதி இதனை அம்பலப்படுத்தியது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. சட்ட அறிஞர் மூவர் அச்சட்டத்தின் செல்லுபடியை ஆராயுமாறு தேசிய மக்கள் காங்கிரஸிடம் மனுச் செய்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, வெளியூராரைப் பிடித்துத் தடுத்துவைத்துத் திருப்பி அனுப்பும் அந்த நடைமுறையைச் சீன அரசாங்கம் நீக்கியது. ஒரு பத்திரிகைச் செய்தி கோடிக்கணக்கானோரின் தலைமேல் தொங்கிய கத்தியை அகற்றியது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மறு ஆண்டு அப்பத்திரிகையின் ஆசிரியர் செங் இசோங் ஊழல் சந்தேகத்தின் பேரில் ஐந்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டுக் குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார். முகாமையாளர் யூ ஹுவாபெங் சிறைத்தண்டனை பெற்றார். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பத்திரிகைச் சுதந்திர விருது செங்குக்கு வழங்கப்பட்டது. மனுச் செய்த சட்ட அறிஞர்களில் ஒருவரான சூ சியோங், 2023ஆம் ஆண்டு வேறொரு வழக்கில் 14 ஆண்டுகள் சிறைத்தண்டனைக்கு உள்ளானார். இன்று கையில் பத்திரமின்றி அச்சமற்று இந்த வீதிகளில் நடக்கும் தொழிலாளரில் எத்தனை பேர் இப்பெயர்களை அறிவர்? உண்மையை எழுதியவர்கள் கொடுத்த விலையை நமது நாட்டின் ஊடகத்துறையும் நன்கறியும்.

பள்ளிவாசலும் அயலவரும்

பழைய நகரின் நடுவே ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் இருக்கின்றது. 36 மீற்றர் உயரமுள்ள அதன் வெண்ணிற மினாரா ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டதால் ஒளிக்கோபுரம் எனப் பெயர் பெற்றது. நபிகளாரின் தோழர் ஸஃத் இப்னு அபீ வக்காஸ் அவர்களே இதனை நிறுவினார் என்பது சீன முஸ்லிம்களின் நெடுநாள் நம்பிக்கை. வரலாற்றாசிரியர் பலர் இதனை ஏற்பதில்லை. அவரது பெயரால் அழைக்கப்படும் அடக்கஸ்தலமும் நகரில் உண்டு. ஜும்ஆத் தொழுகைக்கு அங்கு கூடுவோரில் ஹுய் முதியவர்களும் யெமன் வணிகர்களும் மேற்கு ஆபிரிக்க இளைஞர்களும் தெற்காசியர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கூட்டம் கலையும் வேளையில் வாயிலருகே ரொட்டியும் ஆட்டிறைச்சியும் விற்பனையாகின்றன.

பதினான்காம் நூற்றாண்டில் இலங்கைக்கும் வந்து பாவாதமலை ஏறிய இப்னு பதூதா, தமது நூலில் இந்நகரையும் விவரித்துள்ளார். சீனாவின் வளம் வியப்பூட்டினாலும் அதன் பழக்கவழக்கங்கள் தம் மனதை வருத்தின என்றும், அங்கு முஸ்லிம் ஒருவரைக் காணும்போது தம் உறவினரையே கண்டதுபோல் மகிழ்ந்ததாகவும் அவர் கூறுகின்றார். அயல்நாட்டில் வாழும் எவரும் அவ்வுணர்வை ஒப்புக்கொள்வர்.

சியாவோபெய் என்னும் பகுதி 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆபிரிக்க, அராபிய வணிகரின் சந்திப்பிடமாக வளர்ந்தது. ஆனால் 2020 ஏப்ரலில் கொவிட் பீதியின்போது ஆபிரிக்கர் பலர் வாடகை வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டு வீதியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஆபிரிக்கத் தூதுவர்கள் பீஜிங்கில் கண்டனம் தெரிவித்தனர். அங்கிருந்த ஆபிரிக்கர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. சீன முஸ்லிம்களின் நிலையும் நாட்டெங்கும் ஒரேமாதிரியானதன்று. சமயத்தைச் சீனமயப்படுத்தும் கொள்கையின் கீழ் பல மாகாணங்களில் குவிமாடங்களும் அரபு எழுத்துகளும் அகற்றப்பட்டுள்ளன. ஸின்ஜியாங்கில் உய்குர் மக்கள் தடுத்து வைக்கப்பட்டமை மானுடத்துக்கு எதிரான குற்றமாக அமையக்கூடும் என ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2022 ஓகஸ்ட் அறிக்கையிற் கூறியது. சீன அரசாங்கம் இதனை நிராகரித்துள்ளது. குவாங்சோவின் பள்ளிவாசலில் அமைதியாகத் தொழுதுவிட்டு வருபவர், அந்த அமைதியே சீனா முழுவதினதும் நிலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நாம் காண வேண்டியது

நம்மிடையே சீனாவைப் பற்றி இரு சித்திரங்களே உலவுகின்றன. ஒன்று, குறித்த நேரத்தில் வரும் புகையிரதம், குப்பையற்ற வீதி, வானளாவும் கட்டடம் ஆகியவற்றைக் காட்டி, இத்தகைய ஆட்சியே நமக்கும் தேவை என்கின்றது. மற்றையது, கடன் வலையையும் கண்காணிப்பையும் மட்டும் காட்டி அச்சுறுத்துகின்றது. முதலாவது, கைகுலுக்கும் கட்டடங்களுக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. இரண்டாவது, தேநீர்க் கடையில் பேத்திக்குக் கொழுக்கட்டை ஊட்டும் பாட்டியைக் காண்பதில்லை.

காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் கல்வெட்டொன்றைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தார். 1409ஆம் ஆண்டு திகதியிடப்பட்ட அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றது. இத்தீவில் யார் யார் வாழ்கின்றனர், எதை மதிக்கின்றனர் என்பதை அறிந்தே அன்றைய சீனர் இங்கு வந்தனர் என்பதற்கு அது சான்று. ஓரிரு ஆண்டுகளில் அதே தளபதி இந்நாட்டு மன்னர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சென்றார் என்பதும் வரலாறே. அறிவு நட்புக்கும் உதவும், ஆதிக்கத்துக்கும் உதவும்.

அவர்கள் நம்மை அறிந்த அளவுக்கு நாம் அவர்களை அறிந்துள்ளோமா என்பதே இன்றைய கேள்வி. நமது பல்கலைக்கழகங்களில் சீன மொழி கற்போர் பெருகி வருகின்றனர். அவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேலையோடு நின்றுவிடாது, அம்மக்களின் வாழ்வையும் துயரையும் நேரிற் கண்டு தமிழில் எழுத முன்வர வேண்டும். கண்காட்சிக்குச் சென்றுவரும் வணிகர்களும் பொருட்களின் விலையோடு அவற்றைச் செய்த மனிதரின் கதைகளையும் கொண்டுவரலாம். ஒப்பந்தங்களில் அரசாங்கங்கள் கையொப்பமிடுகின்றன. ஆனால் அவற்றின் சுமையைத் தாங்குவோர் இருபுறமும் சாதாரண மக்களே. அம்மக்கள் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் வரை, எந்த ஒப்பந்தம் யாருக்கு நன்மை தரும் என்பதைப் பிறரே நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பர்.